முகம் படிக்கும் இயந்திரமும் பாலர் வகுப்பும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. இதனைப் பள்ளிக்கூடம் செல்லாத கைக்குழந்தையும் அறியும். தாயின் புருவம் நெறிந்தால் குழந்தையின் உதடு பிதுங்குகின்றது. அவள் முகம் மலர்ந்தால் பல் முளையாத வாய் திறந்து சிரிக்கின்றது. எழுத்தறிவுக்கும் பேச்சறிவுக்கும் முன்னரே வந்து வாய்ப்பது முகமறியும் இவ்வறிவு. ஆகவே, செயற்கை நுண்ணறிவு என்னும் புதுத்துறையைச் சிறு பிள்ளைகளுக்கு எங்ஙனம் அறிமுகஞ் செய்வது என்று ஆராயப் புகுந்தோர் பலர், சிரிப்பையும் அழுகையையுமே முதற்பாடமாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. பிள்ளை ஆசிரியராகவும் கணினி மாணாக்கனாகவும் அமைகின்றன. "இது மகிழ்ந்த முகம், இது வாடிய முகம்" என்று பிள்ளை சொல்லிக் கொடுக்கக் கணினி கற்றுக்கொள்கின்றது. இம்முறை நேற்று முளைத்ததுபோலத் தோன்றும். ஆனால் இதன் வேர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அவ்வேரின் ஒரு கிளை இலங்கையில் வாழ்ந்த தமிழரின் முகங்களையும் தொட்டுச் சென்றிருக்கின்றது என்பது நேயர்கள் பலர் கேள்விப்படாத செய்தியாக இருக்கலாம்.

பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் என்பவரிடமிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குதல் பொருந்தும். அவர் பாரிஸ் நகரில் நரம்பு நோயாளரிடையே பணிபுரிந்தவர். மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சி முகத்தின் தசைகளைத் தனித்தனியே அசையச் செய்தால் எத்தசைக்கு எவ்வுணர்ச்சி உரியது என்று கண்டுகொள்ளலாம் என அவர் எண்ணினார். இச்சோதனைக்கு அவருக்கு வாய்த்தவர் செருப்புத் தொழில் செய்த ஒரு முதியவர். அம்முதியவருடைய முகம் நோயினால் உணர்விழந்திருந்தமையால் மின்சாரம் அவரை வருத்தவில்லை. ஒரு தசையைத் தூண்ட அச்சமும், மற்றொன்றைத் தூண்டத் துயரமும், பிறிதொன்றைத் தூண்டச் சிரிப்பும் அம்முகத்தில் தோன்றின. அவற்றையெல்லாம் அக்காலத்துப் புதுமையாகிய புகைப்படத்தில் பதிந்து 1862ஆம் ஆண்டில் டூஷேன் நூலாக வெளியிட்டார். உதட்டை விரிப்பது எவர்க்கும் எளிது, உள்ளம் மகிழ்ந்தாலன்றிக் கண்ணைச் சூழ்ந்த தசை சுருங்காது என்று அவர் அந்நூலில் எடுத்துக்காட்டிய செய்தி இன்றும் பேசப்படுகின்றது. ஆயினும் அப்படங்களில் உள்ள முதியவர் உண்மையில் அஞ்சவுமில்லை, அழவுமில்லை. அவருடைய தசைகள் மாத்திரமே அசைந்தன. இச்சிறு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னே வருவன பலவும் இதனைச் சுற்றியே நிகழ்ந்தவை.

டூஷேனின் படங்கள் கூர்ப்புக் கொள்கையை நிறுவிய சாள்ஸ் டார்வினின் கைக்கு எட்டின. டார்வின் அவற்றைக் கண்டு வியந்ததோடு நின்றுவிடவில்லை. அப்படங்களுட் சிறந்தன சிலவற்றை எடுத்து, யாதொரு விளக்கமும் கூறாமல், கற்றறிந்த ஆடவரும் பெண்டிருமாக இருபதுக்கு மேற்பட்டோரிடம் காட்டி, இம்முதியவர் எவ்வுணர்ச்சிக்கு ஆட்பட்டிருக்கிறார் என்று வினவினார். சில படங்களுக்கு எல்லோரும் ஏறத்தாழ ஒரே விடையைக் கூறினர். வேறு சில படங்களுக்கோ ஆளுக்கொரு விடை கிடைத்தது. டூஷேனின் விளக்கத்தைப் படித்துக்கொண்டே படத்தைப் பார்த்தபோது எல்லாம் பொருத்தமாகத் தோன்றியதையும், விளக்கம் இல்லாதிருந்தால் தாமும் பிறரைப்போலத் தடுமாறியிருக்கக்கூடும் என்பதையும் டார்வின் மறைக்காது எழுதினார். படத்தின் கீழே ஒருவர் பெயரை எழுதிவிட்டால், பார்ப்பவர் கண் அப்பெயருக்கேற்பவே பார்க்கத் தொடங்கும். இன்று கணினிக்கு உணர்ச்சி கற்பிப்போர் எதிர்கொள்ளும் சிக்கலின் முடிச்சு முழுவதும் அச்சோதனையிலேயே விழுந்துவிட்டது.

இவ்வுணர்ச்சிக் குறிகள் உலகத்து மக்கள் எல்லோர்க்கும் பொதுவானவையா, நாட்டுக்கு நாடு வேறுபடுபவையா என்று அறியும் பொருட்டு, 1867ஆம் ஆண்டளவில் டார்வின் பதினாறு வினாக்கள் கொண்ட ஒரு தாளைப் பல தேசங்களுக்கும் அனுப்பினார். வியப்புற்றோர் கண்ணையும் வாயையும் அகலத் திறக்கின்றனரா, வெட்கம் முகத்தைச் சிவக்கச் செய்கின்றதா என்பன போன்றவை அவ்வினாக்கள். நினைவை நம்பி எழுதவேண்டாம், கண்ணாற் கண்டதையே எழுதுக என்றும் வேண்டிக்கொண்டார். முப்பத்தாறு பேரிடமிருந்து விடைகள் வந்தன. அவர்களுட் சிலர் பாதிரிமார். இலங்கையிலிருந்து எழுதியவர் எஸ். ஓ. கிளெனி என்னும் பாதிரியார். அவர் இங்குள்ள தமிழரை அவதானித்துப் பெரும்பாலான வினாக்களுக்கு நிறைவாக விடையளித்தார் என்று 1872ஆம் ஆண்டில் வெளிவந்த மெய்ப்பாடு பற்றிய தமது நூலின் முன்னுரையில் டார்வின் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். அவதானிக்கப்பட்ட தமிழர் யார், எந்த ஊரார், அவர்கள் எதற்காகச் சிரித்தனர், எதற்காக வாடினர் என்பவற்றுக்கு அம்முன்னுரையில் இடமில்லை. இலங்கை பற்றிய இன்னொரு செய்தியும் அந்நூலில் உண்டு. இந்நாட்டிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமேர்சன் தெனந்து, பிடிபட்டுக் கட்டுண்டு கிடந்த யானைகளின் கண்களிலிருந்து நீர் இடைவிடாது வழிந்ததை எழுதியிருந்தார். டார்வின் அதனையும் எடுத்தாண்டு, யானை அழுமா என்பதை ஆராய்ந்தார். கண்ணீரைக் கண்டவுடனே துயரம் என்று தீர்ப்புச் சொல்ல அவர் அவசரப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

டார்வின் தம் பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை. 1839ஆம் ஆண்டில் பிறந்த தம் மூத்த மகனை நாள்தோறும் அவதானித்துக் குறிப்பெழுதி வந்தார். குழந்தைக்கு ஆறு மாதம் கடந்து சில நாள் சென்றிருந்தபொழுது, அதனை வளர்க்கும் தாதி அழுவதுபோலப் பாசாங்கு செய்தாள். குழந்தையின் முகம் உடனே வாடி உதட்டோரங்கள் தாழ்ந்தன. அழுகையைக் காணும் அனுபவம் அதுவரை பெரிதும் இல்லாத அக்குழந்தை, யாரும் கற்பிக்காமலே அதனை அறிந்துகொண்டது எப்படி என்று தந்தையார் வியந்தார். தாதியின் அழுகை பொய் என்பதை அது அறியவில்லை என்பதும் உண்மையே. பொய்யழுகையை மெய்யழுகையினின்று பிரித்தறியப் பிள்ளைக்கு மேலும் சில ஆண்டுகள் வேண்டும்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, டார்வினின் வினாவை மீண்டும் கையிலெடுத்தவர் அமெரிக்க உளவியலறிஞர் போல் எக்மன். 1960களின் பிற்பகுதியில் அவர் இன்றைய பப்புவா நியூகினி நாட்டின் மலைப்பகுதிக்குச் சென்று, வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்திருந்த ஃபோரே என்னும் மக்களைச் சந்தித்தார். நண்பர்கள் வந்திருக்கிறார்கள், அதனால் இவர் மகிழ்கிறார் என்பது போன்ற சிறு கதையைச் சொல்லி, அதற்குரிய முகத்தைச் சில படங்களிடையே தேர்ந்தெடுக்கச் செய்வது அவர் கையாண்ட முறை. 1971ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில் பங்குகொண்டோர் 189 வளர்ந்தோரும் 130 பிள்ளைகளும் ஆவர். வளர்ந்தோர்க்கு மும்மூன்று படங்களும் பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு படங்களும் காட்டப்பட்டன. பெரும்பாலும் எதிர்பார்த்த படத்தையே அவர்கள் தொட்டுக்காட்டினர். ஆயின் அச்சத்தையும் வியப்பையும் அவர்களால் வேறு பிரிக்க இயலவில்லை. மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு என்னும் ஆறும் மனித குலம் முழுமைக்கும் பொதுவான அடிப்படை உணர்ச்சிகள் என்ற கொள்கை இவ்வாறு வலுப்பெற்றது. பின்னர் 1978ஆம் ஆண்டில் எக்மனும் அவர்தம் துணைவர் ஃபிரீசனும் முகத்தின் அசைவுகளுக்கெல்லாம் எண்ணிட்டு ஓர் அட்டவணை வகுத்தனர். கன்னம் உயர்தல் ஆறாம் எண். உதட்டோரம் மேலே இழுபடுதல் பன்னிரண்டாம் எண். ஆறும் பன்னிரண்டும் சேர்ந்தால் டூஷேன் சொன்ன மெய்ச்சிரிப்பு. முகம் எண்ணாக மாறிவிட்டது. எண்ணையே உணவாகக் கொள்ளும் கணினிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். அதன் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓரியலே உண்டு. அங்கே எண்ணப்பட்டவை ஆறல்ல, எட்டு. எக்மன் மகிழ்ச்சி என ஒன்றாக வைத்ததை அந்நூல் நகையென்றும் உவகையென்றும் இரண்டாகப் பகுக்கின்றது. பெருமிதத்துக்கு அதில் இடமுண்டு. ஆறு உணர்ச்சிப் பட்டியலில் இல்லை. இதைக்கொண்டு நம்மவரே முந்திக் கண்டுபிடித்தனர் என்று மார்தட்டுவது வீண். கவனிக்கவேண்டியது வேறொன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். பிறரால் இகழப்படுதலாலும் அழுகை வரும், உயிரையோ பொருளையோ இழத்தலாலும் வரும், முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதலாலும் வரும், வறுமையாலும் வரும். கண்ணீர் ஒன்றே, காரணம் நான்கு. மெய்யிற் படுவதை மாத்திரம் கண்டு காரணத்தைக் காணாதவன் மெய்ப்பாட்டை அரைகுறையாகவே அறிந்தவன் ஆவான். கணினியின் நிலை அதுவே.

அது முகத்தைக் கற்கும் முறையைச் சற்று நோக்குவோம். 1998ஆம் ஆண்டில் ஜப்பானில் பத்துப் பெண்களை ஏழுவகை முகங்காட்டச் செய்து எடுத்த 213 படங்கள் ஆராய்ச்சியாளருக்கு அளிக்கப்பட்டன. அவை நடித்துக் காட்டிய முகங்கள். 2013ஆம் ஆண்டில் ஒரு போட்டிக்கென இணையத்திலிருந்து திரட்டப்பட்ட தொகுதியிலோ 35,887 முகங்கள் இருந்தன. ஒவ்வொரு முகமும் நெடுக்கே நாற்பத்தெட்டும் குறுக்கே நாற்பத்தெட்டுமாக 2,304 புள்ளிகளாக ஆக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியின் கருமை வெண்மைக்கும் பூச்சியம் முதல் 255 வரை ஓர் எண். அவ்வெண் கூட்டத்தின் பக்கத்தில் "கோபம்" என்றோ "மகிழ்ச்சி" என்றோ மனிதர் ஒட்டிய சீட்டு. கணினி முதலிற் குருட்டாம்போக்கில் விடை சொல்லும். சீட்டோடு ஒப்பிட்டுப் பிழை எவ்வளவு என்று கணித்து, தன்னுள்ளே இருக்கும் நிறைகளை அணுவளவு திருத்தும். இவ்வாறு பல இலட்சம் முறை திருத்தத் திருத்த விடை சீட்டை நெருங்கும். அத்தொகுதியில் மகிழ்ந்த முகங்கள் 8,989 இருக்க, அருவருப்பு முகங்கள் 547 மாத்திரமே இருந்தன. அருவருப்பைக் கணினி சரியாகக் கற்காவிட்டால் குறை யாருடையது? மனிதரிடமே அப்படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது அவர்களும் நூற்றுக்கு அறுபத்தைந்து அளவிலேயே சீட்டோடு ஒத்துப்போயினர். டார்வின் வீட்டு விருந்தினர் இருபதின்மர் பட்ட தடுமாற்றம் நூற்றைம்பது ஆண்டுகளிலும் தீரவில்லை.

இனி, பிள்ளைகளின் பக்கம் திரும்புவோம். கணினி பிள்ளைக்குக் கற்பிப்பதன்று, பிள்ளை கணினிக்குக் கற்பிப்பதே நல்ல கல்வி என்ற கருத்தைப் பரப்பியவர் சீமோர் பப்பேட். தென்னாபிரிக்காவிற் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் பியாஜே என்னும் குழந்தையுளவியல் மேதையோடு சில ஆண்டுகள் பணிபுரிந்து, பின்னர் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார். 1967ஆம் ஆண்டில் அவரும் வொலஸ் ஃபோர்செய்க், சிந்தியா சொலமன் முதலியோரும் லோகோ என்னும் கணினி மொழியைப் பிள்ளைகளுக்கென ஆக்கினர். ஒன்றைப் பிறர்க்குச் சொல்லிக் கொடுக்க முயலும்போதுதான் தான் அதனை எவ்வாறு அறிந்திருக்கிறோம் என்று ஒருவன் எண்ணிப் பார்க்கிறான் என்பது பப்பேட்டின் வாதம். வகுப்பறையில் நின்று பழகிய எந்த ஆசிரியரும் இதனை மறுக்கமாட்டார். 1970களின் நடுப்பகுதியில் றேடியா பெர்ல்மன் என்னும் மாணவி, வாசிக்கவும் அறியாத மழலைகளும் இயக்கத்தக்கதாகப் பொத்தான்கள் கொண்ட பெட்டியொன்றை அதே கழகத்தில் ஆக்கினார்.

ஆயினும் அக்காலத்துக் கணினிக்கு உணர்ச்சி என்பது தூரத்துப் பொருள். அதனை அருகே கொணர்ந்தவர் ரோசலிண்ட் பிக்கார்ட். மனித உணர்ச்சியை அறியாத இயந்திரம் மனிதனோடு ஒழுங்காகப் பழக இயலாது என்று வாதித்து 1997ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் ஒரு துறையையே தோற்றுவித்தது. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் அக்கழகத்திலேயே சிந்தியா பிரசீல் கிஸ்மெற் என்னும் றோபோ முகத்தை ஆக்கினார். உடலில்லை, பெரிய கண்கள், அசையும் காதுகள், சிவந்த உதடுகள், புருவங்கள் மட்டுமே. பேசுவோரின் சொல் அதற்கு விளங்காது. குரலின் ஓசையைக்கொண்டு மெச்சுகின்றனரா, கண்டிக்கின்றனரா, அழைக்கின்றனரா, ஆற்றுகின்றனரா என்று பிரித்தறியும். கண்டித்தால் முகம் வாடித் தலை தாழும். அதனைக் கண்டோர் மனம் இளகிற்று. உள்ளே துயரம் ஏதுமில்லை என்பதை அறிந்தவர்களும் அதனைத் தேற்ற முயன்றனர். டார்வினின் குழந்தை தாதியின் பொய்யழுகைக்கு வாடியது. இங்கே முதியோரே இயந்திரத்தின் வாடிய முகத்துக்கு இரங்கினர்.

இதனினும் சுவையானது கேம்பிரிட்ஜ் நகரத்துக் கதை. பிறர் முகத்தைக் கண்டு உணர்ச்சியை ஊகிப்பது ஓட்டிசம் உடைய பிள்ளைகள் பலருக்குக் கடினம். அவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொருட்டு சைமன் பரன்-கோஹனும் அவர் குழுவினரும் 2004ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அதில் 412 உணர்ச்சிகள். ஒவ்வொன்றையும் அறுவர் அறுவராக நடித்துக் காட்டியிருந்தனர். அதே நகரிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்த எகிப்தியப் பெண்மணி ரானா எல் கலியூபி அத்தொகுப்பை எடுத்துக் கணினிக்குப் பாடப்புத்தகமாக்கினார். உடன்படுதல், மறுத்தல், சிந்தித்தல், ஐயுறுதல் போன்ற நிலைகளைக் கணினி அதிலிருந்து கற்றது. பின்னர் அவர் பிக்கார்டோடு இணைந்து, ஓட்டிசம் உடையோர் பிறர் முகத்தை அறிய உதவுவதற்கான ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பிள்ளைக்காக எழுதிய பாடத்தை இயந்திரம் படித்தது. படித்த இயந்திரம் பிள்ளைக்கு உதவ வந்தது. 2009ஆம் ஆண்டில் அவ்விருவரும் தொடங்கிய நிறுவனமோ விரைவில் விளம்பரம் பார்ப்போரின் முகங்களை அளக்கும் வணிகத்தில் இறங்கிற்று. நல்ல நோக்கத்தோடு பிறந்த கருவிகள் சந்தைக்குச் செல்லும் வழி பெரும்பாலும் இதுவே.

பிள்ளைகளின் வகுப்பறைக்கு இக்கலை வந்தது 2017ஆம் ஆண்டளவில். இங்கிலாந்தில் ஐபிஎம் நிறுவனத்திற் பணிபுரிந்த டேல் லேன், பிள்ளைகளுக்கான இயந்திரக் கற்றல் தளமொன்றை அவ்வாண்டில் ஆக்கி இலவசமாக வழங்கினார். அதன் பாடங்களுள் மிக எளியவற்றுள் ஒன்று, அன்பாகப் பேசினால் சிரித்து, கடுமையாகப் பேசினால் அழும் ஒரு முகத்தைக் கணினித் திரையில் ஆக்குவது. அப்பாடத்தின் அமைப்பு ஆசிரியர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. பிள்ளைகள் முதலில் பழைய முறையில் விதி எழுதுகின்றனர். தமிழிற் சொல்வதாயின், "நீ நல்ல பிள்ளை" என்று வந்தால் சிரி, "உன்னைப் பிடிக்காது" என்று வந்தால் அழு என்று எழுதுவதைப் போன்றது அது. பின்னர் வேறொரு வாக்கியத்தை இட்டுப் பார்க்கின்றனர். "உன்னைக் கண்டால் எனக்கு ஆசை" என்றால் முகம் அசையாது நிற்கின்றது. உலகில் உள்ள இன்சொற்களையெல்லாம் விதியாக எழுதி முடிக்க இயலுமா? பத்து நிமிடத்தில் அலுப்புத் தட்டுகின்றது. அந்த அலுப்பே இப்பாடத்தின் திருப்பம். இப்பொழுது இரண்டு பெட்டிகள் வைக்கப்படுகின்றன. ஒன்றில் அன்பான வாக்கியங்கள், மற்றதிற் கடுமையானவை. பிள்ளைகள் தாங்களே உதாரணங்களை எழுதி இடுகின்றனர். கணினி அவற்றைக் கற்கின்றது. முன் கண்டிராத வாக்கியத்துக்கும் முகம் சிரிக்கின்றது அல்லது அழுகின்றது. விதி எழுதி ஆளுவதற்கும் உதாரணம் காட்டிப் பயிற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை முழுதும் விரித்துரைப்பர். இங்கே அது ஒரு பாடவேளையிற் பிள்ளையின் கைக்கு எட்டிவிடுகின்றது.

அதே 2017ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட மற்றொரு கருவியில் எழுத்தும் வேண்டியதில்லை. பிள்ளை படப்பிடிப்புக் கருவியின் முன்னே சிரித்துச் சில படங்களும், உதட்டைப் பிதுக்கிச் சில படங்களும் கொடுத்தால் போதும். 2019ஆம் ஆண்டில் சிந்தியா பிரசீலின் குழுவைச் சேர்ந்த றண்டி வில்லியம்சும் துணைவரும் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் எண்பதின்மரோடு நடத்திய பாடங்களின் விளைவை வெளியிட்டனர். கைத்தொலைபேசியை முகமாகக் கொண்ட விளையாட்டு றோபோவுக்கு உணவு வகைகளைப் பிரித்துக் காட்டிப் பயிற்றினர் அப்பிள்ளைகள். பாலர் வகுப்பிற்கு இது எட்டாக் கனியன்று என்பதை அம்முயற்சி காட்டியது.

முகப் பாடத்தில் ஆசிரியர் கண்விழிப்பாக இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரே பிள்ளையின் படங்களை மட்டும் கொடுத்துப் பயிற்றினால், அடுத்த பிள்ளை வந்து சிரிக்கும்போது கணினி தடுமாறும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர் வந்தாலோ, மாலையில் வெளிச்சம் குறைந்தாலோ விடை மாறும். சில வேளை அது முகத்தைக் கல்லாமல் பின்னே இருந்த சுவரைக் கற்றிருக்கும். சிரித்த படங்கள் யன்னலோரத்திலும் வாடிய படங்கள் அலுமாரியோரத்திலும் எடுக்கப்பட்டிருந்தால், யன்னலைக் கண்டதும் "மகிழ்ச்சி" என்னும். பிள்ளைகள் இதனைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பர். சிரிக்கட்டும். ஆனால் ஏன் என்று கேட்காமல் அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஆசிரியர், கையில் அகப்பட்ட மணியை நழுவவிட்டவர் ஆவார்.

ஏனெனில், இதே பிழை பெரியோர் உலகில் நகைப்புக்குரியதாக இருக்கவில்லை. 2018ஆம் ஆண்டில் லோரன் றூ என்னும் ஆய்வாளர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் படங்களை இரண்டு வணிக மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார். சிரிப்பின் அளவு ஒத்திருந்தபோதும், கறுப்பின வீரர்களிடம் கோபம் மிகுதி என்று அவற்றுள் ஒன்று கூறிற்று. அதே ஆண்டில் சீனாவின் ஹாங்சூ நகரில் ஒரு மேனிலைப் பாடசாலை வகுப்பறைகளிற் படக்கருவிகளைப் பொருத்தி, முப்பது விநாடிக்கு ஒருமுறை மாணாக்கரின் முகங்களை ஆராய்ந்து, மகிழ்ச்சி, துயரம், கோபம், ஏமாற்றம் என்றெல்லாம் பதியத் தொடங்கியமை செய்தியாக வெளிவந்தது. பாடம் விளங்காமல் முகம் சுளிக்கும் மாணவனும், பாடத்திலேயே மூழ்கிப் புருவம் நெறிக்கும் மாணவனும், வீட்டிலே தாய் நோயுற்றிருப்பதை எண்ணி வாடியிருக்கும் மாணவனும் அக்கருவிக்கு ஒருவரே. நல்லாசிரியர் ஒருவர் அருகே சென்று தோளைத் தொட்டு "என்ன தம்பி?" என்று கேட்பார். கருவியிடம் அக்கேள்வி இல்லை.

2019ஆம் ஆண்டில் லீசா ஃபெல்ட்மன் பரெற் முதலான ஐந்து அறிஞர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்து ஒரு நெடிய அறிக்கை வெளியிட்டனர். கோபங் கொண்டோர் கோபமுகம் காட்டுவது சராசரியாக நூற்றுக்கு முப்பதளவே என்பதும், கோபமில்லாதோரும் அதே முகத்தைக் காட்டுவதுண்டு என்பதும், ஆகவே முகத்தசையை மட்டும் கண்டு உள்ளத்தை அறுதியிட இயலாது என்பதும் அவர்கள் முடிவு. எக்மன் வழியினர் இதனை முழுதும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. எனினும் வணிக உலகம் அசைந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் முகத்தைக் கொண்டு உணர்ச்சியைக் கூறும் தனது பொதுச் சேவையை நிறுத்துவதாக 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், கல்வி நிலையங்களிலும் வேலைத்தலங்களிலும் ஒருவருடைய உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. மருத்துவமும் பாதுகாப்பும் பற்றிய தேவைகளுக்கு மாத்திரம் விலக்குண்டு. அத்தடை 2025 பெப்ரவரி 2ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது.

பிள்ளையின் முகத்தைக் கருவி படிப்பது வேறு. படிக்கும் கருவியைப் பிள்ளையே செய்து பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்து பழகிய பிள்ளை முதலாவதைக் காணும்போது கேட்கும் கேள்விகள் கூர்மையாக இருக்கும். இதற்கு யார் முகங்களைக் காட்டினீர்கள்? சீட்டு ஒட்டியவர் யார்? எத்தனை பெட்டிகள் வைத்தீர்கள்? நாணத்துக்கும் பெருமிதத்துக்கும் பெட்டி உண்டா? இவற்றைக் கேட்பதற்குக் கணிதப் புலமை வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளை ஒருமுறை நிரப்பிப் பார்த்த அனுபவம் போதும்.

டேல் லேனின் பாடத்தில் ஈற்றில் வருவது சோதனை. தோழர்களை அழைத்துத் தாங்கள் பயிற்றிய முகத்தோடு பேசவிடுகின்றனர். விரைவிலேயே ஒரு குறும்பன் ஏளனமாக ஒரு வாக்கியத்தை இடுகின்றான். குடத்தைப் போட்டுடைத்த மகளைப் பார்த்துத் தாய் "நீ பெரிய கெட்டிக்காரிதான்!" என்பாளே, அதுபோன்ற வாக்கியம். கணினிமுகம் வாய்நிறையச் சிரிக்கின்றது. இவ்வாக்கியத்தை எந்தப் பெட்டியில் இடுவது என்ற வழக்கு அப்பொழுது எழும். அன்புப் பெட்டியில் இடலாம் என்பர் சிலர். கடுமைப் பெட்டியில் இடவேண்டும் என்பர் சிலர். சொன்னவர் யார், எப்பொழுது சொன்னார் என்று தெரியாமல் எதிலும் இடக்கூடாது என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அப்பிள்ளை அதனைச் சொல்லி முடிக்கும்வரை ஆசிரியர் மணியடிக்க விடாதிருப்பது நன்று.